கூடப்போன மாப்பிள்ளை

வெளிநாடு போனவர்களில் எத்தனை வகை உண்டு என்று புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிங்கப்பூர் போனவர், துபாய் போனவர், மலேசியாவில் ஹோட்டலில் மாவாட்டப் போய் அந்த ஹோட்டலையே வாங்கியவர், போன வேகத்தில் திரும்பி வந்து அதைப் பற்றி வாயே திறக்காதவர் என்று தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். அவர்களை விட்டுவிடுவோம். அவர்களைப் பற்றிப் பேசிப் பேசி எல்லோரும் களைத்துப் போயாச்சு. நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போவது நம் பக்கத்தில் கொஞ்ச காலமாகத் தலைகாட்டும் ஒரு புது இனம். நர்ஸ் வேலைக்கு மனைவி பரீட்சை எழுதி, மனைவி இன்டர்வியூவில் பாஸாகி, மனைவிக்குத் தற்காலிக விசா வந்து, அந்த விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே விமானம் ஏறி, ஜன்னலோரம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கி உட்கார்கிற ஆண்பிள்ளை. ஆபீஸ் பாஷையில் இவருக்கு டிபெண்டன்ட் என்று பெயர். நான் கூடப்போன மாப்பிள்ளை என்கிறேன்.

இவரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? முகத்தை வைத்து முடியாது. முகம் எல்லோரையும் போலத்தான் இருக்கும். பேச்சை வைத்துப் பிடிக்கலாம். "நாங்க எக்ஸாம் கிளியர் பண்ணினப்ப" என்பார். "நாங்க கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டப்ப" என்பார். "எங்களுக்கு இந்த மாசம் பூரா நைட் டூட்டி" என்று அலுத்துக்கொள்வார். அந்த நைட் முழுக்க இவர் போர்வையை இழுத்துப் போர்த்தித் தூங்கியிருப்பார். இருந்தாலும் எங்களுக்கு. ஆனால் அங்கே குளிர் தாங்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் பேசமாட்டேன் என்கிறான், கறிவேப்பிலை கிடைக்கவில்லை என்று ஏதாவது கசந்துவிட்டதா, பன்மை பட்டென்று ஒருமையாகிவிடும். "அவளுக்குத்தான் அந்த ஊரு மேல ஆசை. எனக்கென்ன இருக்கு அங்கிட்டு" என்பார்.

இன்னொரு அடையாளம், 'ரெண்டு வருஷம்'. போகும்போதும் ரெண்டு வருஷம். போய் ரெண்டு வருஷம் கழித்துக் கேட்டாலும் ரெண்டு வருஷம். இவருடைய காலண்டரில் அந்த ரெண்டு வருஷம் மட்டும் கிழிபடுவதே இல்லை.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? என் சகலை அலெக்ஸ் இந்த இனத்தில் முதல் தரம். என் மனைவி சூசைமேரியும் அவள் தங்கை ஜெனிஷாவும் வாரத்தில் பாதி நாள் வாட்ஸ்அப்பில் பேசுகிறார்கள். சூசைமேரி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். ஆவூரில் எங்கள் வீடு சின்னது. காதைப் பொத்திக்கொண்டா உட்கார முடியும்?

அலெக்ஸுக்குக் கீரனூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருந்தது. வியாபாரம் இருந்ததோ இல்லையோ, கல்லாவுக்குப் பின்னால் ஒரு சுழல் நாற்காலி இருந்தது. பிரேக் ஒயர் கேட்டு வருகிறவர் நாட்டு நடப்பு, ஊர் நடப்பு, அடுத்த எலெக்ஷன் எல்லாவற்றையும் நின்றபடி கேட்டுவிட்டு, கடைசியில் பிரேக் ஒயர் ஸ்டாக் இல்லை என்று தெரிந்துகொண்டு போவார். ஜெனிஷா திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். டூட்டி முடிந்ததும் அங்கேயே ஜெர்மன் கிளாசுக்குப் போய்விட்டு, கூட்டமான பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் புத்தகத்தை வைத்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவாள். யாரோ ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்ததும் உண்டு. அப்போது அலெக்ஸ் என்னிடம் சொன்னார்: "படிக்கட்டும் சகலை. அவளுக்கும் பொழுது போகணும்ல."

பொழுது போயிற்று. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் ஜெனிஷாவுக்கு வேலை வந்தது. தற்காலிக அனுமதிதான். அவள் முதலில் போய் வீடு பார்க்க வேண்டும், பின்னால் இவர் போய்ச் சேரலாம். இதைச் சொல்லிவிட்டு வரக் கந்தர்வக்கோட்டையில் இருக்கும் தன் அப்பாவிடம் அலெக்ஸ் போனார். நானும் கூட இருந்தேன். அப்பா சந்தனராஜ் முந்திரித் தோப்பில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார்.

"வேலை யாருக்கு?"

"எங்களுக்குத்தாம்ப்பா."

"ரெண்டு பேருக்குமா?"

"அவளுக்கு வேலை. எனக்கு விசா."

"போயி நீ என்ன செய்வ?"

"அவளைத் தனியா விடச் சொல்றீங்களா? அவளுக்காகத்தாம்ப்பா போறேன். ரெண்டு வருஷம்."

சந்தனராஜ் மறுபடி சருகு கூட்டத் தொடங்கினார். கேட்டவருக்கு அந்தப் பதில் போதும் என்று தோன்றியதா, இதற்கு மேல் கேட்டுப் பயனில்லை என்று தோன்றியதா என்பது எனக்கு இன்று வரை தெரியாது.

அலெக்ஸ் தன் கடையைப் பக்கத்துக் கடை கோபிநாத்திடம் ஒப்படைத்தார். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. "போர்டை மட்டும் மாத்தாத. திரும்பி வந்து உக்காருவேன்" என்று சொல்லி, சுழல் நாற்காலிக்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் போட்டுவிட்டுப் போனார்.

போய் இறங்கிய அன்றைக்கே ஜெர்மனி அவருக்கு ஒரு அடி கொடுத்தது. அந்த ஊரில் வீட்டு வாசலில் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் குடியிருப்பவரின் குடும்பப் பெயரை ஒட்டியிருக்க வேண்டுமாம். ஜெனிஷாவின் பாஸ்போர்ட்டில் அவளுக்குக் குடும்பப் பெயர் அவள் அப்பா பெயர்தான். ஆகவே மணிக்குப் பக்கத்தில் 'சவரிமுத்து' என்று இருந்தது. எங்கள் மாமனார். இறந்து பல வருஷமாகிறது. உயிரோடு இருந்த காலத்தில் அலெக்ஸோடு அவர் பேசியது சாப்பிட்டீர்களா, மழை வருமா என்ற அளவில்தான். அந்த மனுஷன் பெயர் கடல் தாண்டிப் போய் வாசலில் நிற்கிறது. அதோடு விட்டதா? அந்த ஊர் வழக்கப்படி கணவன் மனைவிக்கு ஒரே குடும்பப் பெயர்தான் இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மாடி வீட்டம்மா, தபால்காரர், ரொட்டிக் கடைக்காரர், அத்தனை பேரும் அலெக்ஸைப் பார்த்து மரியாதையாக "ஹெர் சவரிமுத்து" என்றார்கள். ஹெர் என்றால் திருவாளர். திருவாளர் மாமனார் என்று ஊரே கூப்பிட்டால் ஒரு மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

அடுத்தது பாஷை. அரசாங்கமே நடத்தும் வகுப்புக்கு ஒரு மாதம் போனார். அப்புறம் எனக்கு போன் செய்தார்.

"சகலை, இவங்க பாஷையில கரண்டி ஆம்பளை. முள்கரண்டி பொம்பளை. கத்தி ரெண்டுலயும் சேராது."

"யாரு சொன்னா?"

"டீச்சரம்மாதான். ஏன்னு கேட்டேன். அது அப்படித்தான்னுட்டாங்க. ரெண்டு வருஷத்துக்கு இதெல்லாம் நமக்குத் தேவையா?"

தேவையில்லை என்று முடிவு செய்து வீட்டிலேயே இருந்துவிட்டார். சும்மா இருந்தார் என்று சொல்லக்கூடாது. ஜெனிஷா விடிவதற்குள் கிளம்பிப் போய்ச் சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள். வீட்டை இவர்தான் பார்த்தார். துவைத்தார், பெருக்கினார், சமைத்தார். வத்தக்குழம்பு நன்றாகவே வைப்பார் என்று ஜெனிஷா சூசைமேரியிடம் சொல்லி, அதை சூசைமேரி என்னிடம் சொல்லி, நான் அன்றைக்கு எங்கள் வீட்டுக் குழம்பைப் பற்றி ஒன்றும் பேசாமல் சாப்பிட்டேன். ஆனால் இதில் ஒரு சொல்லாவது ஊருக்குத் தெரியலாமா? வீடியோ காலில் வரும்போதெல்லாம் பின்னால் பனி கொட்டும் ஜன்னல் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொள்வார். அடுப்பு எதிர்ப்பக்கம். ஒரு நாள் கோபிநாத்தோடு பேசிக்கொண்டிருக்கும்போது குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டது.

"என்னடா சத்தம்?" என்றான் கோபிநாத்.

"ரயிலு. வீட்டுப் பக்கத்துலதான் தண்டவாளம்."

"நம்ம வீட்டு ரயிலு மாதிரியே கூவுதுடா" என்றான் கோபிநாத். அவனுக்கும் கல்யாணமாகிவிட்டது.

மூன்றாம் வருஷம் ஆவூர்த் தேர்த் திருவிழாவுக்கு இருவரும் வந்தார்கள். கூடப்போன மாப்பிள்ளை இனத்தை முழு அழகோடு பார்க்க வேண்டும் என்றால் இப்படி லீவில் வரும்போது பார்க்க வேண்டும். கீரனூர் மெயின் ரோட்டைக் கடக்க, வண்டிகள் நிற்கட்டும் என்று ஓரத்தில் காத்து நின்றார். எவன் நிற்பான்? கடைசியில் ஒரு மாடு கடந்தது, அதன் பின்னால் இவரும் கடந்தார். எங்கள் மாமியார் ஜெயராணி வீட்டு விருந்து முடிந்ததும் எச்சில் இலையைத் தனியாக, பேப்பர் கப்பைத் தனியாக, தண்ணீர் பாட்டிலைத் தனியாகப் பிரித்து மூன்று சாக்கில் கட்டினார். "மாப்பிள்ளை எதுக்குக் குப்பையைக் கிண்டிக்கிட்டு இருக்காரு, மோதிரம் எதுவும் தொலைஞ்சு போச்சா?" என்று மாமியார் கேட்டார். "அங்க சிஸ்டமே வேறங்க அத்தை" என்றார் அலெக்ஸ். பஞ்சாயத்து வண்டி வந்து மூன்று சாக்கையும் ஒரே குவியலில் கொட்டிக்கொண்டு போயிற்று. அலெக்ஸ் தலையைத் திருப்பிக்கொண்டார்.

தன் கடையையும் போய்ப் பார்த்தார். கோபிநாத் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தான். 'அலெக்ஸ் ஆட்டோ ஸ்பேர்ஸ்' போர்டு அப்படியே இருந்தது. அதன் கீழே சிக்கன் பக்கோடா விற்றான். வியாபாரம் நன்றாக நடந்தது.

அந்த லீவில்தான் அரிமளத்திலிருந்து ஆத்மநாதன் என்பவர் தேடிக்கொண்டு வந்தார். அவர் மகள் அருணா நர்சிங் முடித்திருந்தாள். ஜெர்மனி போகலாமா என்று ஆலோசனை கேட்க வந்தார். பிள்ளை விஷயம். பாவம், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருந்தார். அலெக்ஸ் அவரை உட்கார வைத்து, தற்காலிக அனுமதி என்றால் என்ன, அது எப்படி நீளும், எப்போது நிரந்தரமாகும், எந்த ஆபீசுக்கு எத்தனை தரம் நடக்க வேண்டும் என்று விளக்கினார். விளக்கம் நன்றாகவே இருந்தது. நாங்க இதைச் செஞ்சோம், நாங்க அதை வாங்கினோம். ஆத்மநாதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எழுந்திருக்கும் முன் மரியாதைக்காக ஒன்று கேட்டார்.

"தம்பி அங்க என்ன வேலையா இருக்கீங்க?"

"நாங்க ஆஸ்பத்திரி லைன்ல இருக்கோம்."

"டாக்டருங்களா?"

அலெக்ஸ் வாழைப்பழத்தைப் பார்த்தார். அந்த நேரம் காபியோடு வந்த ஜெனிஷா சொன்னாள்: "இல்லைங்க. அவரு வீட்டைப் பாத்துக்கிறாரு. அவரு சமைச்சு வெக்கலைன்னா என்னால டூட்டி பாக்கவே முடியாது."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆத்மநாதனும் நல்ல மனுஷர். "எங்க அருணாவுக்கும் இப்படி ஒரு மாப்பிள்ளை அமைஞ்சா தேவலைங்க" என்றார். அவரும் மனசாரத்தான் சொன்னார். ஆனால் அலெக்ஸின் காது சிவந்துவிட்டது. ஆத்மநாதன் போன பிறகு அலெக்ஸும் ஜெனிஷாவும் பேசிக்கொண்டது அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது.

"அதைச் சொல்லித்தான் ஆகணுமா?"

"நான் பொய்யா சொன்னேன்?"

"பொய்யின்னு யாரு சொன்னா?"

"அப்ப என்னதான் கோபம்?"

அலெக்ஸ் எழுந்து வெளியே போய்விட்டார்.

திரும்பிப் போனதும் அலெக்ஸ் பாஷை வகுப்பில் மறுபடி சேர்ந்தார். கரண்டியை ஆம்பளை என்றும் முள்கரண்டியைப் பொம்பளை என்றும் ஒத்துக்கொண்டார். ஊருக்குள் ஒரு சைக்கிள் ரிப்பேர் கடை இருந்தது. அங்கே போய், தெரிந்த பாஷையில் வேலை கேட்டார். முதலில் பெருக்கச் சொன்னார்கள். அப்புறம் செயின் மாட்டச் சொன்னார்கள். கீரனூரில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷன், அங்கே முழங்காலில் நின்று பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்தில் வேலையைப் பிடித்துவிட்டார். கடையில் அவருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் பெயர் எழுதினார்கள். அதில் இருந்த குடும்பப் பெயர் சந்தனராஜ்.

இந்தக் காலத்திலும் போனில் ரெண்டு வருஷம் குறையவில்லை. "இங்க என்ன சகலை இருக்கு? மனுஷன் இருப்பானா? அவளுக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்பார். பின்னால் யாரோ ஜெர்மனில் ஏதோ கேட்க, இவர் ஜெர்மனில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரிப்பது கேட்கும். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறவர் அப்படிச் சிரிக்க முடியுமா?

பிறகு நிரந்தர அனுமதி வந்தது. முதலில் ஜெனிஷாவுக்கு, அடுத்து பரீட்சை எழுதிப் பாஸாகி இவருக்கும். அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னார்.

"நிரந்தரம்னா?" என்றார் சந்தனராஜ்.

"எத்தனை நாள் வேணாலும் இருக்கலாம்ப்பா."

"அப்ப நீ வரமாட்ட."

"அப்படியில்லப்பா. எப்ப நெனச்சாலும் ஊருக்கு வரலாம், திரும்பியும் போகலாம்."

"ஊருக்கு வர்றதுக்கு எதுக்குடா பெர்மிட்டு?"

அலெக்ஸ் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் மாமியார் ஜெயராணி கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, திருச்சியில் ஆபரேஷன் ஆகி, வீட்டில் கட்டிலோடு கிடந்தார். சூசைமேரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் அம்மாவைத் துடைத்துப் படுக்கவைத்துவிட்டு ஓடுவாள், சாயங்காலம் ஓடி வருவாள். என்னால் முடிந்தது நான் செய்தேன், மாமியாருக்கு மருமகன் என்ன செய்ய முடியுமோ அவ்வளவு. ஜெனிஷா அங்கே அந்த நேரம் வயதானவர்கள் வார்டில் இருந்தாள். நாளெல்லாம் யாரோ பெற்ற தாய்மாரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து போனில் தன் தாய் கிடப்பதைப் பார்த்தாள். நாலாவது வாரம் சொன்னாள்: "நான் வந்துர்றேங்க்கா. மொத்தமா."

எங்கள் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான். அலெக்ஸ் இன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவார். இத்தனை வருஷமாக ஊர் ஊர் என்று ஏங்கிய மனுஷன் அல்லவா? அவர் கட்டவில்லை. அன்றைக்கு அவர்கள் வீட்டில் நடந்த பேச்சை ஜெனிஷா பின்னால் அழாமல் சொன்னாள்.

"நீங்கதானே போயிரலாம் போயிரலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க."

"சொன்னேன்."

"இப்பப் போலாம்."

"சொல்றது வேற ஜெனி. அத்தைக்கு ஒரு ஆள் போட்டுப் பாத்துக்கலாம். நல்ல ஆளாப் போடலாம்."

"அந்த ஆளாத்தான் நான் இங்க இருக்கேன். இவங்க புள்ளைங்க ஞாயித்துக்கிழமை பூ வாங்கிட்டு வந்து பாத்துட்டுப் போறாங்க. எங்க அம்மாவுக்கு நான் பூ வாங்கிட்டுப் போகவா?"

மறுநாள் அலெக்ஸ் எனக்கு போன் செய்தார். நான் விடவில்லை. இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்.

"சகலை, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"என்னன்னு?"

"இங்கயே இருந்துரலாம்னு."

"மனுஷன் இருக்க முடியாத ஊருன்னு சொன்னீங்களே."

இந்தத் தடவை அவர் சிக்னல் மேல் பழி போடவில்லை.

"கீரனூருக்கு வந்து நான் யாரு சகலை? பொண்டாட்டி கூடப் போயிட்டுத் திரும்பி வந்தவன். பக்கோடாக் கடை வாசல்ல நின்னு, ஏன் வந்தீங்கன்னு கேக்குறவனுக்கெல்லாம் பதில் சொல்லணும். இங்க காலையில கடையைத் திறந்தா, வர்றவன் போறவன் எல்லாம் ஹெர் சந்தனராஜ்ங்கிறான். எங்க அப்பா பேரை மரியாதையா ஒருத்தர் சொல்லி நான் கேட்டது இங்கதான். அதை விட்டுட்டு வரச் சொல்றீங்களா?"

கேலி செய்ய வாயைத் திறந்து வைத்திருந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன். "பாத்துச் செய்யுங்க சகலை" என்று மட்டும் சொன்னேன். ஒன்றும் சொல்லத் தெரியாதவர்கள் சொல்வது அதுதான்.

ஜெனிஷா வேலையை விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். அந்த நிரந்தர அனுமதிக்கு ஒரு கெடு இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருந்தால் நிரந்தரம் தானாகச் செத்துவிடும். அலெக்ஸ் வாராவாரம் ஞாபகப்படுத்தினார். "ஒரு தடவை வந்து தலையைக் காட்டிட்டுப் போ. இல்லைன்னா கூடுதலா டைம் கேட்டு எழுதிப் போடு. எத்தனை வருஷப் பாடு அது." ஜெனிஷா ம் என்பாள். அம்மாவுக்குக் காலை மடக்கி நீட்டிவிடுவாள், வாக்கரைப் பிடிக்க வைத்து நடக்கப் பழக்குவாள், படுக்கையில் புண் வராமல் புரட்டிப் போடுவாள். அந்த அம்மாவோ வலி வந்தால் மகளை வாயில் வந்ததைச் சொல்லித் திட்டுவார். இவள் கேட்காத மாதிரி "இன்னும் நாலு எட்டும்மா" என்பாள். எழுதிப் போட அவள் ஏன் உட்காரவில்லை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எழுதினால் திரும்பிப் போகிறேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. கெடு முடிந்த அன்று அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே, "இன்னையோட அது போச்சுக்கா" என்றாள். சூசைமேரிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் இரண்டு மாதத்தில் ஜெயராணி கம்பை ஊன்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தானாக நடந்து போய் வந்தார். வந்து உட்கார்ந்ததும் மகளைக் கூப்பிட்டார்.

"நீ கெளம்பு."

"எங்கம்மா?"

"ஒன் புருஷன்கிட்ட. நீ பக்கத்துல நின்னு கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா நான் எப்ப நடக்குறது? அவரு அங்கிட்டு ஒத்தையில என்னத்தைத் திங்கிறாரோ."

"அவரு நல்லா சமைப்பாரும்மா. எனக்குப் பெர்மிட்டு போயிருச்சு."

"அவருகிட்ட ஒண்ணு இருக்குல்ல. அதுல போ."

மூன்று ஆபீசர்கள் கூடி யோசித்திருந்தாலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜெனிஷாவுக்கு அங்கே மறுபடி வேலை கிடைக்காமலா போகும்? கிடைக்கும். ஆனால் அப்போதைக்குச் சுருக்கு வழி அதுதான். அலெக்ஸ் தன் சைக்கிள் கடைச் சம்பளத்தைக் காட்டி, தன் வீட்டைக் காட்டி, தன் நிரந்தர அனுமதியைக் காட்டி, மனைவியை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டார். சென்னையில் விசா ஆபீசுக்கு நான்தான் துணைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் கேட்டாள்: "அங்க உங்களுக்கு என்ன வேலைங்க மேடம்?"

"வேலை இல்லைங்க. வீட்டுக்காரர் இருக்காரு. அவரு கூட இருக்கப் போறேன்."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள். காது சிவக்கிறதா என்று நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சிவக்கவில்லை.

இனி அலெக்ஸைப் பிடிக்க முடியாது என்றுதான் நான் எதிர்பார்த்தேன். சுழல் நாற்காலி இல்லாத குறையாக உட்கார்ந்துகொண்டு, என் விசாவில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டேன் என்று ஊர் முழுக்க போன் போட்டு முழங்குவார் என்று சூசைமேரியிடம் சொல்லியும் வைத்திருந்தேன். நடந்தது வேறு. அருணாவுக்கு வேலை உறுதியாகி, அரிமளம் ஆத்மநாதன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அலெக்ஸின் கால் வந்தது. போனை அவரிடம் கொடுத்தேன். ஆத்மநாதன் நன்றி சொல்லிவிட்டு, "நீங்க அன்னைக்கு வழி காட்டினதுதான் தம்பி" என்றார். ஸ்பீக்கரில் அலெக்ஸின் குரல் நிதானமாக வந்தது.

"எனக்கு வழி காட்டினதே என் பொண்டாட்டிதாங்க. அவ படிச்சா, அவ பாஸ் பண்ணா, அவ என்னைக் கூட்டியாந்தா. நான் கூட வந்தவன். அருணாவுக்கு எதுன்னாலும் ஜெனிஷாகிட்டயே கேக்கச் சொல்லுங்க."

தன் பெயரில் ஒரு காகிதம் கைக்கு வந்த பிறகுதான் சிலருக்கு உண்மையைச் சொல்லத் தெம்பு வருகிறது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. தெம்பே வராமல் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்.

திருச்சி ஏர்போர்ட்டில் உள்ளே போகும் முன் சூசைமேரி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப திரும்பி வருவ?" என்று கேட்டாள்.

"அம்மாவுக்கு ஒண்ணுன்னா வருவேன். மத்தபடி தெரியலைக்கா" என்றாள் ஜெனிஷா. தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். நம் வீட்டில் யாரும் ஜெர்மனிக்குப் போகவில்லை என்ற தைரியம். நல்லது. ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு விடைபெறுகிறேன். இப்போது நீங்கள் குடியிருக்கும் ஊர் நீங்கள் பிறந்த ஊரா? இல்லையா? அப்படியானால் யாருக்கோ மாறுதல் வந்து, அல்லது யாருக்கோ வேலை கிடைத்து, அவரோடு வந்திருப்பீர்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள். இந்த ஊர்த் தண்ணீர் சரியில்லை, ஆட்கள் சரியில்லை என்று நேற்றுக்கூடப் போனில் சொல்லியிருப்பீர்கள். இருக்கட்டும், நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுந்து வாசல் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே நீங்கள் கிளை ஒடித்து ஊன்றிய முருங்கை ஒன்று இருக்கிறதா? அது காய்க்கத் தொடங்கிவிட்டதா?